இடது பக்கத்துக்காரி

மயக்க மருந்து இன்னும் முழுதாக இறங்கவில்லை. கட்டில் ஒரு பக்கமாக மிதந்தது. நானும் கூடவே மிதந்தேன். ஓய்வு பெற்றவனுக்கு என்ன அவசரம்.

"ஐயா, உங்க கிட்னியை அங்க பொருத்தியாச்சு. இன்னும் ஒரு சொட்டு யூரின் வரல. வந்துட்டாதான் நிம்மதி," என்றாள் நர்ஸ்.

அங்கே என்றால் திரைக்கு அந்தப் பக்கம்.

பிறந்ததிலிருந்து என் விலாவுக்குள் குடியிருந்தவள், இடது சிறுநீரகம், இன்று காலை புகுந்த வீடு போய்விட்டாள். போன இடத்தில் வாயே திறக்கவில்லையாம். நான் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற அன்றுகூட லீவு போடாதவள்.

பயந்திருப்பாள்.

கண்ணை மூடினால் அவள் வீடு தெரிந்தது. பத்து லட்சம் சல்லடைகள். ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு காவல்காரி, ரத்தக் குழாயின் சுவரில் உள்ளங்கையை வைத்தபடி. சுவர் தளர்ந்தால் போதும், ஊரையே கூட்டிவிடுவாள்: குழாய்களை இறுக்குங்கள், உப்பை விடாதீர்கள், தண்ணீரைப் பிடித்து வையுங்கள். சுவர் விம்மினால் கூச்சல் அடங்கிவிடும். உப்பும் தண்ணீரும் மதகு வழியே வெளியேறும்.

என் ரத்தம் பரம சாது, வாய்க்கால். அங்கே ஓடுவது காட்டாறு. பிரஷர் பார்க்கிற கருவியே பயந்து மேஜைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். அங்கே முன்பு குடியிருந்த இடது, வலது இரண்டு பேரையும் அந்த வெள்ளம்தான் அடித்துக் கொன்றது.

சுவரைத் தொட்டுப் பாருடி, என்று மனசுக்குள் சொன்னேன். மதகைத் திற. உனக்குத் தெரியாததா?

கட்டில் ஏழு கடலையும் சுற்றிவிட்டுக் கரை தட்டியபோது, திரைக்கு அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. யூரின் பை நிறைந்துவிட்டதாம். பிரஷர்கூட இறங்க ஆரம்பித்துவிட்டதாம்.

நர்ஸின் செருப்புச் சத்தம் என் பக்கம் திரும்பியது. நலிந்த குரல் ஒன்று அவளை நிறுத்தியது. என் மனைவியின் குரல்.

"இத்தனை வருஷமா அவராலதான் எனக்கு பிரஷர் ஏறுதுன்னு சொல்லிட்டிருந்தேன். இப்ப இறங்கறதும் அவராலதான்னு போய் சொல்லிடாதம்மா. மனுஷனுக்குத் தலைகால் புரியாது."

திரை விலகும் சத்தம் கேட்டதும் வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விட ஆரம்பித்தேன்.