நீலக் கார்டு

“அந்த நீலக் கார்டுதாங்க இருக்கணும். மத்த ரெண்டையும் வேணும்னா வெட்டிப் போடுங்க” என்றாள் பரமேஸ்வரி.

சாப்பாட்டு மேசையில் மூன்று கிரெடிட் கார்டுகள் கிடந்தன. பக்கத்தில் ஒரு கத்தரிக்கோல். தனராஜ் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் முப்பத்திரண்டு ஆண்டுகளாக ஆசிரியர். அடுத்த மாதம் ஓய்வு. சம்பளம் போய் பென்ஷன் வரப்போகிறது. இனி அன்றாடச் செலவுக்கு ஒரு கார்டு போதும், மற்றதையெல்லாம் மூடிவிடலாம் என்று அன்று காலை அவர்தான் பேச்சை எடுத்தார்.

வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுப்பது போலப் பொறுமையாக விளக்கினார். பச்சைக் கார்டில் பெட்ரோல் போட்டால் கொஞ்சம் பணம் திரும்பி வருகிறது. கம்போங் ராஜா டவுனில் மளிகை வாங்க, அவளுடைய இதய மாத்திரை வாங்க, எல்லாவற்றுக்கும் அதுவே போதும். ஆண்டுக் கட்டணமும் இல்லை. சிவப்பைக்கூட வைத்துக்கொள்ளலாம், பரவாயில்லை. நீலத்தில் ஒரு சலுகையும் கிடையாது. வருடத்துக்கு நூற்றைம்பது வெள்ளிப் பணம் தண்டம்.

பரமேஸ்வரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு நீலக் கார்டை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

“எனக்குச் சலுகை வேணாங்க. பிள்ளையோட கார்டு இதோடதானே ஒட்டியிருக்கு?”

நீலக் கார்டின் கீழ் ஒரு துணைக் கார்டு இருந்தது. மகன் உதயன் கோலாலம்பூருக்குப் படிக்கப் போனபோது அவன் பெயரில் எடுத்துக் கொடுத்தது. செலவு அவனுடையது, பில் அப்பாவுக்கு வரும்.

மூன்று வருடத்துக்கு முன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டு வாசலில் வந்து நின்றான் உதயன். தனராஜ் கை நீட்டிவிட்டார். பிள்ளை அப்படியே திரும்பி நடந்தான். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மலையிறங்கிப் போனவன்தான். போன் நம்பரையும் மாற்றிவிட்டான்.

ஆனாலும் மாதம் தவறாமல் பில்லில் அவன் பெயருக்குக் கீழே ஒரு வரி வரும். ஈப்போவில் பெட்ரோல், இருபது வெள்ளி. தாப்பாவில் சாப்பாட்டுக் கடை, பதினான்கு வெள்ளி. பரமேஸ்வரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடிதம் படிப்பது போல அதைப் படிப்பாள். படித்து முடித்ததும் மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிடுவாள்.

ஒரு மாதம் மருந்துக் கடையில் முப்பத்தெட்டு வெள்ளி என்று வந்தது. பிள்ளைக்கு என்ன நோவோ, யார் பார்த்துக்கொள்கிறார்களோ என்று அவள் சோறு இறங்காமல் கிடந்தாள். அடுத்த பில்லில் நாசி கண்டார் சோற்றுக் கடை மூன்று தடவை வந்திருந்தது. “பசியெடுத்துச் சாப்பிடுறான்லா” என்று சொல்லி, பல நாள் கழித்து அன்றுதான் சிரித்தாள்.

ஈப்போவுக்கே போய்த் தேடுவோம் என்று அவள் எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தாள். வயசு வந்த பிள்ளை, கோபம் தணிந்தால் தானே வருவான் என்று தனராஜ் ஒவ்வொரு முறையும் தட்டிக்கழித்தார். அந்தக் கல்மனசைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

இப்போதும் அவர் அதையே சொன்னார். “வர்றவன் கார்டு இல்லாமலும் வருவான், பரமே. இதப் புடிச்சிக்கிட்டே எத்தன நாளைக்கு இருப்ப? போதும். மூடிடுவோம்.”

பரமேஸ்வரியின் குரல் உயரவில்லை.

“நீங்க அடிச்சீங்க. அவன் போனான். இன்னைக்கு வரைக்கும் நான் உங்கள ஒரு வார்த்த கேட்டதில்ல. அவன் உசுரோட இருக்கான்னு மாசத்துக்கு ஒருக்கா எனக்குச் சொல்றது இது ஒண்ணுதான். இதையும் மூடிட்டீங்கன்னா, நான் எதப் பாத்துக்கிட்டு இருக்கிறது?”

சொல்லும்போதே மூச்சு வாங்கியது. நெஞ்சில் ஆபரேஷன் செய்த இடத்தைக் கையால் அழுத்திக்கொண்டாள். தனராஜ் எதையோ சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்தார். எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

“சரி. நீலமே இருக்கட்டும்.”

பச்சையையும் சிவப்பையும் அவரே வெட்டினார். பச்சைக் கார்டு நேராக வெட்டுப்படவில்லை. இரண்டாவது முறை வெட்ட வேண்டியிருந்தது.

பென்ஷன் விஷயமாக ஈப்போவரை போய்வருகிறேன் என்று பத்து மணிக்குக் காரை எடுத்தார். பரமேஸ்வரி வாசல்வரை வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினாள். அவர் இறக்கினார்.

“டவுன்ல எங்கயாச்சும் அவனக் கண்டா, அடிச்சது தப்புன்னு சொல்லிடுங்க. அப்பான்னு வீம்பு பாக்காதீங்க.”

தலையாட்டினார். தேயிலைச் சரிவுகளின் நடுவே இறங்கும் சாலையில் பனிமூட்டம் விலகவே இல்லை. மலையடிவாரத்துச் சிம்பாங் புலாய்வரை விளக்கைப் போட்டுக்கொண்டே ஓட்டினார்.

ஈப்போவில் பென்ஷன் அலுவலகம் இருந்த தெருவைத் தாண்டிப் போனார். ஒரு நாசி கண்டார் கடையில் காரை நிறுத்தி, கோழிக் குழம்போடு ஒரு பொட்டலம் கட்டச் சொன்னார். எவ்வளவு என்று கல்லாவில் சொன்னதும், பணப்பையின் உள்மடிப்பில் விரலை விட்டு ஒரு கார்டை எடுத்து மெஷினில் தட்டினார்.

அதில் உதயனின் பெயர் இருந்தது. இரண்டரை வருடத்துக்கு முன், பரமேஸ்வரி நெஞ்சு ஆபரேஷன் முடிந்து கண் திறக்காமல் கிடந்த வாரத்தில், லாரியில் மோதிச் செத்துப்போன பிள்ளையின் உடலோடு போலீஸ்காரர்கள் அவர் கையில் கொடுத்த கார்டு அது.