பத்தொன்பதாம் எண்

ஜவ்வாது மலையில் புளி உலுக்கும் மாதங்களில் ஈஸ்வரிக்கு டிவியில் வரும் மதியத் தொடர்தான் துணை. வகுப்பில் முதலிடத்துக்கு மோதிக்கொண்ட இருவரில் ஒருத்தி மற்றவளைக் கொன்றுவிட்டு, ஊர் மதிக்க வாழ்கிற கதை. கண் சொக்கினாலும் கை பாட்டுக்குப் புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தது.

இன்று அந்தப் பழைய வகுப்பறையைக் காட்டினார்கள். வாத்தியார் வருகைப் பதிவேட்டைத் திறந்து எண்களை வாசித்தார்.

“பதினெட்டு.”

“உள்ளேன் ஐயா,” என்றாள் ஈஸ்வரி, பாதித் தூக்கத்தில். ஒன்பதாம் வகுப்பில் அவளுடைய எண் அதுதான். தன் அசட்டுத்தனத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டாள். திரையில் வாத்தியார் தலையாட்டிவிட்டுக் குறித்துக்கொண்டார்.

“பத்தொன்பது.”

சிரிப்பு நின்றது. பத்தொன்பது கோகிலவாணி. அருவிக்குச் சுற்றுலா போனபோது அவள் தானாகத்தான் வழுக்கி விழுந்து செத்தாள் என்று எல்லோரிடமும் சொன்னது ஈஸ்வரி. வேறு யாரும் பார்க்கவில்லை.

திரையில் ஒருவரும் பதில் சொல்லவில்லை. வாத்தியார் பேனாவைத் தூக்கியபடி காத்திருந்தார்.

கொல்லையில் புளி காயப்போட்டுக்கொண்டிருந்த அவள் கணவன் தமிழ்மணி குரல் கொடுத்தான்.

“ஈஸ்வரி, உன்கூட ஒம்பதாவது படிச்சவளாம், வந்துக்கீறா. இன்னா, இவ்ளோ சின்னப் பொண்ணா கீறா?”

வாத்தியார் குறித்துக்கொண்டு பதிவேட்டை மூடினார்.