மருமகளுக்கு ஊசி

கருத்தரிப்பு மையத்தில் மருமகளுக்குப் பக்கத்தில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். தெரிந்தவர் யாரும் வந்துவிடக் கூடாதே என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தார், என் பெரியப்பா மகன். கூடவே அவர் மருமகள். குடும்ப மானம் என்றால் அவர் என்னைவிட ஒரு படி விறைப்பு.

“என்ன தம்பி, இங்கே?”

“மருமகளுக்கு ஹார்மோன் ஊசிண்ணே. ஒரு குழந்தை தங்கணுமில்ல?”

மருமகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“எங்க வீட்லயும் அதே கதைதான்” என்றார் அண்ணன். அவர் மருமகள் தரையைப் பார்த்தாள். “நம்ம வம்சத்துல ஒரு குறை உண்டா? எல்லாம் வெளியிலேருந்து வந்தவங்க கோளாறு.”

“சரியாச் சொன்னீங்கண்ணே!”

ஏசி அறையிலும் எனக்கு வியர்த்துக் கொட்டியது. அவரும் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். “புரோஸ்டேட் கேன்சர் ஊசிக்கு வந்த பெரியவர் யாருங்க?”

“எழுந்திருங்க மாமா” என்றாள் மருமகள், தெளிவாக.

எழுந்தேன். கருத்தரிப்புக்குப் போடும் அதே மருந்துதான் என் கட்டியையும் அடக்குமாம். கேன்சர் ஆஸ்பத்திரியில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று இந்த இடத்தைத் தேடிப் பிடித்த மகா புத்திசாலி நான்.

பார்த்தால், அண்ணனும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

“ரெண்டு பேருமா? சொந்தக்காரங்களா?” என்றாள் நர்ஸ்.

“அண்ணன் தம்பி” என்றார்கள் மருமகள்கள், ஒரே குரலில்.

“அப்ப டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. இது பரம்பரையாவும் வரலாம். மகன்களையும் சோதிக்கச் சொல்வார்.”

“உங்க மகன்கிட்ட இப்பவாவது நீங்களே சொல்றீங்களா மாமா, இல்ல வெளியிலேருந்து வந்தவ சொல்லட்டுமா?” என்றாள் என் மருமகள்.

“நானே சொல்றேம்மா” என்றேன். பிறகு அண்ணனுக்கு வழிவிட்டேன். “நீங்க மூத்தவர், முதல்ல போங்க.”