சத்தம் கேட்காத அலமாரி

"நான் உள்ள போய் கதவைச் சாத்திக்கிறேன். நீங்க வெளிய நின்னு நல்லா கத்துங்க, சரியா?"

"எ... என்னன்னு கத்தணும் மேடம்?"

"எதையாவது கத்துங்க தம்பி. தெரிஞ்சதைக் கத்துங்க."

கழுத்தைச் சுற்றி மஃப்ளர். ரகசியம் சொல்வது போன்ற சன்னக் குரல். சொல்லிவிட்டு அந்தப் பெண்மணி, கடையில் காட்சிக்கு வைத்திருந்த அலமாரிக்குள் நுழைந்து, தொங்கிய கோட்டுகளுக்கு நடுவில் நின்று கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள்.

மனப்பாடம் திருதிருவென்று விழித்தான். விற்பனைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. அலமாரியின் பாகங்களை ஒன்று விடாமல் ஒப்பிப்பதால் கடையில் அவனுக்கு அந்தப் பெயர். ஒப்பித்தானே தவிர, இதுவரை ஒன்றையும் விற்கவில்லை. "இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒண்ணாவது விக்கலைன்னா, நாளையிலேர்ந்து நீ கிடங்குல ஸ்க்ரூ பொறுக்கறே" என்று மேலாளர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். அதையே கத்தினான்.

"ஹேங்கர் கம்பி! கம்பித் தாங்கி! தட்டு! டிராயர்! இழுத்தா வர்ற கூடை! கொக்கி!"

கடையின் அந்தக் கோடியிலிருந்து மேலாளர் எட்டிப் பார்த்தார்.

கதவு திறந்தது. "கொக்கி வரைக்கும் கேட்டுச்சு. கதவுல காத்து போக வரி வரியா ஓட்டை இருக்கே, அதான். ஓட்டையே இல்லாத கதவு போட்டுக் குடுங்க."

"காத்து போகலைன்னா உள்ள புழுங்குமே மேடம்?"

"புழுங்கட்டும். பழகிடும்."

யாருக்குப் பழகும் என்று அவனுக்குப் புரியவில்லை. ஆனாலும் வாய் தானாக ஒப்பிக்க ஆரம்பித்தது. "ஹேங்கர் கம்பி மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு ரெண்டு போட்டா, சட்டை தனியா, பேன்ட் தனியா..."

"மேல மட்டும் போதும். ஆனா கனம் தாங்குமா? கம்பளி, பழைய போர்வை எல்லாம் நெருக்கி நெருக்கித் தொங்கவிடணும்."

"நடுவுல ஒரு தாங்கி குடுத்துட்டா ஒரு ஆளே தொங்கலாம் மேடம். கீழ மூணு டிராயர் வருது..."

"டிராயர் வேண்டாம். அந்த இடத்துல ஒரு ஆள் உக்காரணும். உக்காந்தா நெஞ்சு உயரத்துக்கு வர்ற மாதிரி ஒரே ஒரு தட்டு. பின்பலகையில விரல் நுழையற அளவுக்கு ஒரு துளை. அவ்வளவுதான்."

மனப்பாடம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். ஒரு ஆள் உட்கார இடம். சாப்பாடு வைக்க ஒரு தட்டு. மூச்சு விட ஒரு துளை!

"வீட்ல யார் யார் இருக்கீங்க மேடம்?" என்றான் மெதுவாக.

"நான், வீட்டுக்காரர், மாமியார்."

"மாமியார் எப்படி? நல்ல மாதிரியா?"

"தங்கம். ஆனா வாயைத் திறந்தா மூடத் தெரியாது. அவங்களாலதான் இந்த அலமாரியே வாங்கறேன்."

தூக்கிவாரிப் போட்டது அவனுக்கு. விற்றால் ஒரு மாமியார் உள்ளே போகிறார். விற்காவிட்டால் அவன் கிடங்குக்குப் போகிறான். யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். தலைமை அலுவலகமே முடியாது என்று சொல்லிவிட்டால் பாவமும் இல்லை, விற்காத பழியும் அவன் தலையில் விழாது.

"பட்டியல்ல இல்லாத வேலை மேடம். ஆபீஸ்ல கேட்டுத்தான் செய்யணும்." போனைப் போட்டு, அவளுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரை அழுத்தினான்.

தேன் வழியும் பெண் குரல் ஒன்று வந்தது. "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம். தயவுசெய்து இணைப்பில் காத்திருக்கவும்." பிறகு இசை. பிறகு மறுபடியும் அதே குரல்.

"பாத்தீங்களா?" என்றான் மனப்பாடம். "ஒரு மாசமா இதே கூத்து. எப்பப் போட்டாலும் இந்தம்மா காத்திரு காத்திருன்னு உயிரை எடுக்குது. அதுவும் நல்லா கேளுங்க, அந்தம்மா பேசறப்ப பின்னாடி யாரோ 'அடுப்பை அணைச்சியா'ன்னு கேக்கறாங்க."

அவள் முகம் சட்டென்று சிவந்தது. "அது வெளிய அவ்வளவு தெளிவாவா கேக்குது?"

"ஊருக்கே கேக்குது மேடம்! என்னைக் கேட்டா, இந்தம்மாவைப் பிடிச்சு ஒரு அலமாரிக்குள்ள வச்சுச் சாத்தணும்!"

அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். மஃப்ளரை அவிழ்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"தயவுசெய்து இணைப்பில் காத்திருக்கவும்."

தேன் வழிந்தது. மனப்பாடம் குனிந்து கையிலிருந்த போனைப் பார்த்தான். அதில் இசைதான் ஓடிக்கொண்டிருந்தது.

"இந்த அறிவிப்பையெல்லாம் வீட்ல உக்காந்துதான் பதிவு பண்றேன். அடுத்த வாரம் எல்லாத்தையும் புதுசாப் பேசிக் குடுக்கணும், அதான் தொண்டையைப் பொத்திப் பொத்தி வச்சிருக்கேன். போர்வை சத்தத்தைக் குடிச்சிடும், தட்டு மைக்குக்கு, துளை வயருக்கு" என்றாள் அவள். "அடுப்பை அணைச்சியான்னு கேட்டது எங்க மாமியார். ஆர்டரை எழுதிக்கிட்டே சொல்லுங்க தம்பி, எங்க ரெண்டு பேர்ல யாரை உள்ள வச்சுச் சாத்தலாம்?"