குளித்த தண்ணீருக்கு ஒரு சண்டை

"திருட்டுங்க! பட்டப்பகல் திருட்டு!"

வீட்டுக்காரம்மா போட்ட சத்தத்தில் கணவர் பேப்பரை வீசிவிட்டு ஓடி வந்தார்.

"என்ன போச்சு?"

"தண்ணி! நான் குளிச்ச தண்ணி, துணி அலசின தண்ணி, எல்லாத்தையும் கீழ்வீட்டுக்காரர் குழாய் சொருகி இழுத்துக்கிட்டிருக்கார்!"

"அது சாக்கடைக்குப் போற தண்ணிதானே?"

"போகட்டும். அது நம்ம சாக்கடை!"

ஊரே ஒரு குடத்துக்கு அல்லாடும் கோடை. அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. முனகிக்கொண்டே படியிறங்கினாள். கணவர் வாலைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போனார்.

கீழே குடியிருப்பவர் மீன்தொட்டிக் கடைக்காரர். கொல்லையில் வரிசையாக டிரம் வைத்திருந்தார். ஒன்றில் கூழாங்கல், அடுத்ததில் மணலும் கரியும். நுரையோடு போன தண்ணீர் கடைசி டிரம்மில் தெளிந்து கிடந்தது.

"கேட்காம எடுக்கறது எந்த ஊர் நியாயம்?"

கடைக்காரர் அவள் கணவரைப் பார்த்தார். கணவர் அவசரமாக வானத்தைப் பார்த்தார்.

"தப்புதாம்மா. வீட்டை மட்டும் காலி பண்ணச் சொல்லிடாதீங்க. பொண்ணுக்குப் பரீட்சை நேரம்."

"இந்தக் குழாய் இங்க இருந்தா நீங்க இருக்க மாட்டீங்க!"

அவர் குழாயைக் கழற்றிவிட்டார். கோட்டையைப் பிடித்த தெம்போடு அவள் மாடியேறினாள்.

மறுநாள் நாத்தனார் வந்திறங்கினாள்.

"எங்க வீட்ல ஃப்ளஷ்ஷுக்குக்கூடத் தண்ணியில்ல அண்ணி. நீங்க மட்டும் எப்படிச் சமாளிக்கறீங்க?"

"எல்லாம் குடித்தனம் பண்ற விதத்துல இருக்கு."

நாத்தனார் பாத்ரூமுக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஈனஸ்வரத்தில் குரல் வந்தது.

"அண்ணி... தண்ணி வரலையே!"

அவளுக்கு மானம் போயிற்று. கணவரைச் சமையலறைக்கு இழுத்தாள்.

"என்னங்க இது?"

"ஃப்ளஷ்ஷுக்கான மாடி டேங்க் காலி. நீ நேத்து பிடுங்கச் சொன்ன குழாய்த் தண்ணிதான் இத்தனை நாளா அதுக்கு வந்துச்சு. அவர்தான் சுத்தம் பண்ணி, மோட்டார் போட்டு ஏத்தி விட்டார். குளிச்ச தண்ணின்னு தெரிஞ்சா நீ முகம் சுளிப்பேன்னு நாங்க ரெண்டு பேரும் சொல்லலை."

"நேத்தே வாயைத் திறந்திருக்கக் கூடாதா?"

"நீ பேசறப்ப எனக்கு என்னிக்கு வாய் இருந்துச்சு?"

அவள் ஜன்னல் வழியே கொல்லையை எட்டிப் பார்த்தாள்.

"அப்போ... அவங்க வீட்டுக்கு?"

"ஒரு வீட்டுக்குத்தான் பத்தும்னார். 'உங்க வீட்டம்மாவுக்கு முழங்கால் வலி, அவங்களால வாளி தூக்க முடியாது. நாங்க தெருக்குழாய்லேர்ந்து தூக்கிக்கறோம் சார்'னுட்டார்."