மச்சினனைத் திருத்தும் படலம்

"ஸ்டீயரிங்கை ஏன்டா இப்படி நடுங்கிக்கிட்டே பிடிக்கிற? நேத்து ஊத்தினது இன்னும் இறங்கலையா?" என்றார் மாஸ்டர், பக்கத்து இருக்கையில் சாய்ந்தபடி.

மச்சினன் கியரை மாற்றினான். "அக்காவை நினைச்சாத்தான் நடுக்கமா இருக்கு மாமா."

மாஸ்டர் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் வைத்த அந்தக் காரில், அடுத்தவனை ஓட்டச் சொல்லிவிட்டு அவனுக்குப் புத்தி சொல்வதுதான் பிழைப்பு. வீட்டுக்கு வந்தும் மனிதர் கடையைச் சாத்துவதில்லை.

மச்சினன் குடிகாரன் என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. என்றைக்கோ ஒரு கல்யாணத்தில் அவன் போதையில் மேடையிலிருந்து உருண்டு விழுந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு அவனை ஏறெடுத்துப் பார்க்க அவருக்கு நேரமில்லை.

காலையில் மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள்: "குடியை விடணும்னு நினைக்கிறவங்க ஒண்ணு கூடிப் பேசற இடமாம். தம்பி விசாரிச்சு வெச்சிருக்கான். நீங்க துணைக்குப் போயிட்டு வாங்க. மாட்டேன்னா நானும் பொண்ணும் இன்னைக்கே கிளம்பிடுவோம்."

சும்மா மிரட்டல் இல்லை. கூடத்தில் இரண்டு பெட்டிகள் கட்டித் தயாராக இருந்தன. மகள் செருப்பைக்கூட மாட்டியிருந்தாள். தம்பிப் பாசம் இந்த அளவுக்கு முற்றிப் போகுமா என்று மாஸ்டருக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் அந்தப் பெட்டிகளை இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சட்டையை மாட்டினார். ஒரு புதினா மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கார் ஒரு மரச்சாமான் கடை வாசலில் நின்றது. மாஸ்டர் கண்ணாடியை இறக்கி, கட்டிலுக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தவரிடம் தெருவுக்கே கேட்கிற மாதிரி விசாரித்தார்.

"ஏம்ப்பா, இந்தக் குடிகாரங்க கூட்டம் எங்க நடக்குது? எனக்கில்ல, இவனுக்கு!"

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பிரஷ்ஷாலேயே மாடிப்படியைக் காட்டினார்.

மேலே வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு டீ பிளாஸ்க், பிஸ்கட் தட்டு. உட்கார்ந்திருந்தவர்கள் தலைவாரி, சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது மாஸ்டருக்குப் பெரிய ஏமாற்றம். ஒருத்தனாவது தள்ளாடுவான் என்று நம்பி வந்திருந்தார்.

கூட்டத்தை நடத்தியவர் ஒரு பல் டாக்டர் அம்மா. "இங்க பேரு, ஊரு எதுவும் கேக்க மாட்டோம். புதுசா வந்தவங்க மனசிருந்தா பேசலாம்" என்றார்.

மச்சினன் வாயைத் திறப்பதற்குள் மாஸ்டர் எழுந்துவிட்டார்.

"இவன் என் மச்சினன். கூச்சப்படுவான், அதனால நானே சொல்லிடறேன். இந்த மாதிரி ஆளுங்களை நம்பவே கூடாதுங்க. கேட்டா, தூக்கம் வரல, அதான் கொஞ்சம்னு சொல்லுவான். பொண்ணு ஸ்கூல்ல ஆண்டு விழான்னா அன்னைக்குத்தான் முக்கியமான வேலை வந்துடும். பாட்டிலை வீட்ல வெச்சா மாட்டிக்குவோம்னு, கார் டிக்கியில ஸ்டெப்னி டயருக்கு அடியில துணி சுத்தி வெச்சிருப்பான்!"

சபை ஆடாமல் அசையாமல் கேட்டது. இவ்வளவு அக்கறையாகத் தன் பேச்சை யாரும் கேட்டதில்லை என்பதில் மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்து போயிற்று.

எதிரில் இருந்த பேக்கரிக்காரர் மெதுவாகக் கேட்டார். "தம்பிகிட்ட கார் இருக்குங்களா?"

"இவன்கிட்ட ஏது கார்? பஸ்லதான் போவான், வருவான்."

"பொண்ணு என்ன படிக்குது?"

"இவனுக்கு இன்னும் கல்யாணமே ஆகலைங்க. நான்..." மாஸ்டர் பிஸ்கட் தட்டைப் பார்த்தார். "நான் பொதுவாச் சொன்னேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடச் சண்டை போட்டுச் சமாளித்திருப்பார். பல் டாக்டர் அம்மா அவருக்கு ஒரு டீயை ஊற்றி நீட்டிவிட்டு, மற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

"நம்மள்ல எத்தனை பேரை, 'எனக்குத் துணைக்கு வாங்க'ன்னு பொய் சொல்லி இங்க கூட்டிட்டு வந்தாங்க? கை தூக்குங்க பார்ப்போம்."

பேக்கரிக்காரர் தூக்கினார். அவருக்குப் பக்கத்திலிருந்த வங்கி மேனேஜர் தூக்கினார். கேள்வி கேட்ட டாக்டரே தன் கையையும் தூக்கினார். நாற்காலி நாற்காலியாகக் கைகள் எழும்பி வந்து, கடைசியில் மாஸ்டருக்குப் பக்கத்திலும் ஒன்று எழுந்தது.

"டேய், நீ எதுக்குடா தூக்கற? நீ இன்னைக்குத்தானே வர்ற?"

"நான் வந்து மூணு வருஷம் ஆகுது மாமா. அன்னைலேர்ந்து ஒரு சொட்டுத் தொடல. நம்ம வீட்ல உங்களுக்கு மட்டும்தான் தெரியாது."

மாஸ்டர் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். டீ தளும்பிச் சட்டையில் கொட்டியது. "அப்போ... இன்னைக்கு நான் உனக்குத் துணைக்கு வந்தது?"

மச்சினன் அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தான்.

"துணைக்கு வந்தவன் நான்தான் மாமா."