அமெரிக்கா பயந்த ஆள்

யாகோப்பு குடத்தோடு வருவதைக் கண்டதும் குழாயடியில் பேச்சு நின்றது. வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருவர் குடத்தை வாங்கித் தானே தண்ணீர் பிடித்தும் கொடுத்தார்.

போன வாரம் வரைக்கும் பூனாகலை தேயிலைத் தோட்டத்தில் யாகோப்புவைப் பார்த்து ஒரு கோழிகூட ஒதுங்கியதில்லை. மனுஷன் அத்தனை சாது. அடுத்த வீட்டுத் தம்பையா லயத்து வரிசை வீடுகளுக்கான பொதுக் குழாயில் ஹோஸைச் சொருகி, தன் லீக்ஸ் பாத்திக்கே தண்ணீரை விட்டுக்கொண்டிருந்ததை வருஷக்கணக்கில் பார்த்தும் வாயைத் திறந்ததில்லை. யாகோப்புவின் மனைவி அகஸ்டினாதான் பள்ளத்து ஊற்றிலிருந்து குடம் சுமந்து சுமந்து இடுப்பொடிந்து போனாள்.

இப்போது வந்திருக்கும் மரியாதை, விசா நின்றுபோனதால் வந்தது. அமெரிக்காவில் குடியுரிமை வாங்கிவிட்ட அகஸ்டினாவின் அக்கா, இவர்களை அழைத்துக்கொள்ள மனுப் போட்டு எத்தனையோ வருஷம். கொழும்பில் நேர்காணல் முடிந்து, ஸ்வெட்டர் வாங்கி, ஆட்டைக்கூட விற்றாகிவிட்டது. அப்புறம்தான் தேசியப் பாதுகாப்பு காரணமாக விசாவை நிறுத்தி வைத்திருப்பதாக அகஸ்டினாவின் ஃபோனுக்கு இங்கிலீஷில் பதில் வந்தது.

பண்டாரவளையில் ஃபோன் கடை வைத்திருக்கும் கெவின்தான் அதைத் தமிழில் சொன்னார். சொல்லிவிட்டு யாகோப்புவை ஏற இறங்கப் பார்த்தார். அகஸ்டினா ஃபோனை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். இவர்கள் பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள், அமெரிக்காவே பயப்படுகிற ஆள் நம்ம யாகோப்பு என்று தோட்டம் முழுக்கப் பேச்சு.

புருஷனும் பெண்சாதியும் அன்றைக்கு அழுது தீர்த்தார்கள். நேர்காணலில் யாகோப்புவிடம் பெயரை மட்டும்தான் கேட்டார்கள். அந்த ஒரு பதிலில் தன்னிடம் என்னத்தைக் கண்டார்களோ என்று அவருக்குப் புரியவேயில்லை. ஆனால் மறுநாள் காலை தம்பையா தானாகவே வந்து ஹோஸைக் கழற்றியபோது, அவருக்குத் துக்கம் பாதி குறைந்துவிட்டது. அன்றிலிருந்து தண்ணீர் பிடிக்க அவரே போகத் தொடங்கினார்.

இன்றைக்கு நிறைகுடத்தோடு வீட்டுக்கு வந்தால், வாசலில் தம்பையா லீக்ஸ் கட்டோடு நின்றுகொண்டிருந்தார். இத்தனை வருஷமும் ஏய் யாகோப்பு என்று கூப்பிட்ட வாய்.

"அண்ணே, பாத்தியெல்லாம் காஞ்சு கெடக்கு. காலையில மட்டும் ஹோஸப் போட்டுக்கிறேன். நீங்க மனசு வைக்கணும்."

அந்த 'அண்ணே'யில் யாகோப்பு உருகிவிட்டார். குடத்தை இறக்கி வைத்துவிட்டு மீசையை நீவினார். பெரிய ஆள் என்று ஆகிவிட்டால் கொஞ்சம் இரக்கமும் காட்டத்தானே வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

"சரி, போட்டுக்க. நான் சொன்னேன்னு சொல்லு, ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

அடுப்படியில் பாத்திரம் நங்கென்றது. அகஸ்டினா இடுப்பைப் பிடித்தபடி வெளியே வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"ஹோஸு கழட்டுன எடத்துலேயே கெடக்கட்டும் தம்பையாண்ணே. எங்கக்கா மனுப் போட்டது எனக்கு. இவரு என்கூட வர்ற ஆளு, அவ்வளவுதான்."

தம்பையா யாகோப்புவைப் பார்த்தார். யாகோப்பு மீசையிலிருந்து கையை எடுத்தார். அகஸ்டினாவே தொடர்ந்தாள்.

"அமெரிக்காக்காரன் பயந்தது என்னையப் பாத்துண்ணே."